துயருறு தலைவியும் வாசகரும்: மலையக மர்மப் புனைகதை பற்றிய ஒரு விளக்கம்

கொத்மலைப் பகுதியின் தேயிலைச் சரிவுகளில் பிற்பகலில் இறங்கும் மூடுபனியைக் கண்டோர், மர்மக் கதைக்கு இதனினும் ஏற்றதொரு களம் இல்லையென்பர். பத்தடிக்கு அப்பால் நிற்பவர் யாரெனத் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும். கீழே, 1985இல் நிறைவெய்திய அணைக்கட்டுத் தேக்கிய நீரினுள் கிராமங்களும் வயல்களும் வழிபாட்டிடங்களும் அமிழ்ந்து கிடக்கின்றன. வறட்சியில் நீர்மட்டம் தாழும் வேளைகளில் கடதொர விகாரையின் சிதைவுகள் வெளித்தோன்ற, அவற்றைக் காண மக்கள் திரள்வதுண்டு. மறைக்கப்பட்ட ஒன்று மீளத் தலைகாட்டுதலே மர்மக் கதையின் உயிர்நிலை என்பதை நோக்குமிடத்து, இந்நிலப்பரப்பு அக்கதைக்கென்றே அமைந்ததுபோலத் தோன்றும்.

எனினும் களம் மட்டுமே கதையாகிவிடாது. அக்களத்தில் அஞ்சி நிற்கும் ஒருத்தியின் நிலையில் வாசகர் தம்மை வைத்துப் பார்த்தல் வேண்டும். அவள் அச்சம் நம் அச்சமாதல் வேண்டும். இது எவ்வாறு நிகழ்கின்றது? மலையகத்தைக் களமாகக் கொண்ட மர்மக் கதைகள் இதுவரை யாருடைய நிலையில் நம்மை நிறுத்தி வந்துள்ளன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூடுவிட்டுக் கூடு பாய்தல்

பிறிதோர் உடலினுட் புகுந்து அவ்வுடலின் கண்களால் உலகைக் காண்பதனை நம் முன்னோர் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றனர். சித்தர்க்கு உரியதாகச் சொல்லப்பட்ட இவ்வாற்றலைப் புனைகதை எல்லா வாசகர்க்கும் வழங்குகின்றது. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. புகுந்தவர் தம் பழைய கண்களை வெளியே விட்டுவிட வேண்டும். தலைவி அறியாததைத் தாமும் அறியாதவராயிருக்க வேண்டும். கதாசிரியர் தலைவியின் அச்சத்தை எத்துணை அடைமொழிகளால் வருணிப்பினும், அவளுக்குத் தெரியாத செய்திகளை நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பாராயின், நாம் அவளுக்காக இரங்குவோமேயன்றி அவளாக மாட்டோம். இரக்கம் வெளியே நின்று நோக்குவது. அச்சமோ உள்ளே இருப்பவர்க்கே உரியது.

இவ்வேறுபாடு தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. அகப்பாடல்களிற் புலவர் தாமாகப் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என ஒவ்வொரு பாடலும் ஒருவர் வாய்மொழியாகவே அமைகின்றது. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பதும் தொல்காப்பியம் வகுத்த விதியாகும். பெயரற்ற தலைவியின் இடத்திலே எப்பெண்ணும் நிற்கலாம் என்பது அவ்விதியின் பயன்களுள் ஒன்றெனலாம்.

வெறியாட்டுப் பாடல்களை ஈண்டு சிறப்பாக நோக்கலாம். தலைவியின் மேனி மெலிகின்றது, வளை கழல்கின்றது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைக்கின்றாள், வேலனையும் அழைக்கின்றாள். முருகு அணங்கியதென வேலன் கூறுகின்றான். உண்மையோ காதல். இன்றைய சொற்களில் உரைப்பின், இங்கே மர்மம் ஒன்றுண்டு. அதனை ஆராய்வோர் உண்டு. அவர்தம் பிழையான முடிபும் உண்டு. ஆயினும் பாடல் ஆராய்வோன் வாய்மொழியாக அமையாது, தலைவியின் அல்லது தோழியின் வாய்மொழியாக அமைவதால், நாம் நிற்பது ஆராயப்படுபவளின் பக்கத்திலாகும். சுற்றியுள்ளோர் அனைவரும் தன்னைப்பற்றித் தவறாகப் பேசிக்கொண்டிருக்க, உண்மையை வாய்திறந்து சொல்ல முடியாதவளின் இடர்ப்பாட்டை நாம் உள்ளிருந்தே உணர்கின்றோம்.

சிலப்பதிகாரம் வேறொரு வழியிற் செல்கின்றது. கனாத்திறமுரைத்த காதையிற் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்திக்கு உரைக்கின்றாள். அவள் அச்சம் அங்கே நம்மையும் பற்றுகின்றது. ஆனால் மதுரையிற் பொற்கொல்லனே கள்வன் என்பதை நாம் அவளுக்கு முன்னரே அறிந்துவிடுகின்றோம். ஆதலின் கொலைக்களக் காதையில் நம்மை வருத்துவது அறியாமையன்று; அறிந்தும் தடுக்க இயலாமையாகும். முன்னையது மர்மத்தின் வழி. பின்னையது காவிய அவலத்தின் வழி. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்தல் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது.

மேனாட்டு மர்மக் கதை கையாளும் உத்திகள்

ஆங்கில மர்மக் கதையிலே துயருறு தலைவியை நமக்கு நெருக்கமாக்கிய உத்திகளுள் மூன்றினை எடுத்துக்காட்டலாம்.

முதலாவது, அறிவின் எல்லையைக் குறுக்குதல். 1938இல் வெளிவந்த டப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ நாவலில் கதை சொல்லும் இளம் மனைவிக்கு இறுதிவரை பெயரே இல்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ நூலின் தலைப்பாகவே நிற்கின்றது. மாளிகையின் ஒவ்வோர் அறையும் முன்னவளை நினைவூட்ட, கணவனின் மௌனத்துக்கு இவள் கற்பிக்கும் காரணத்தையே நாமும் நம்புகின்றோம். அது பிழையென வெளிப்படும்போது ஏமாந்தவள் அவள் மட்டுமல்லள், நாமும் ஏமாந்தோம். அகத்திணையின் பெயரற்ற தலைவிக்கும் இவளுக்கும் இடையே கால தேச வேறுபாடு பெரிதாயினும், பெயரின்மை வாசகர்க்கு வாயில் திறக்கும் முறை இரண்டிடத்தும் ஒன்றே.

இரண்டாவது, அவள் மட்டுமே காணும் சான்று. பற்றிக் ஹமில்டனின் ‘காஸ் லைட்’ நாடகம் 1938இல் மேடையேறியது. இங்கிரிட் பெர்க்மன் நடித்த திரைப்படம் 1944இல் வெளிவந்தது. இரவிலே தனித்திருக்கும் மனைவி விளக்கின் ஒளி தாழ்வதைக் காண்கின்றாள். அது அவள் மனமயக்கம் என்று நம்பவைக்கக் கணவன் முயல்கின்றான். விளக்கு மங்குவதை அவளோடு நாமும் கண்டோமாதலால், அவளை ஐயுறுவோர் நம்மையும் ஐயுறுவோராகின்றனர். நம்பப்படாமையின் வேதனையை இதனினும் எளிதில் உணர்த்த இயலாது.

மூன்றாவது, அவளுக்கேயுரிய இடத்தினுட் பிறர் புகுதல். வில்கி கொலின்ஸ் 1859, 1860ஆம் ஆண்டுகளில் தொடராக எழுதிய ‘தி வுமன் இன் வைற்’ நாவலில் மரியன் என்னும் பெண்ணின் நாட்குறிப்பைப் பல பக்கங்கள் படித்துச் செல்கின்றோம். அவள் நோயுற்று எழுத்துத் தடைப்பட்டதும், அதே நாட்குறிப்பிற் பகைவனாகிய பொஸ்கோ பிரபுவின் எழுத்துத் தோன்றுகின்றது. அவன் அதனை முழுவதும் படித்துவிட்டான்! நாம் அவளோடு இரகசியமாக இருந்த இடத்தில் அவனும் இருந்திருக்கின்றான் என்று அறியும் கணத்தில், கதவுக்குப் பின்னால் ஒருவர் நின்றதை அறிந்தாற்போலத் திடுக்குறுகின்றோம்.

இம்மூன்றிலும் அச்சம் என்னும் சொல் மிகுதியாக வேண்டப்படுவதில்லை. யார் எதனை அறிவர், யாரை யார் நம்புவர் என்ற ஒழுங்கமைப்பே அச்சத்தைப் பிறப்பிக்கின்றது.

தமிழ்த் துப்பறியும் நாவலோ பெரும்பாலும் தலைவியை வெளியிலிருந்தே நோக்கியது. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வெளிவந்து பெருவழக்குப் பெற்றது. நூலுக்குத் தலைவியின் பெயரே இடப்பட்டிருப்பினும், கதையை நடத்திச் செல்பவன் துப்பறியும் கோவிந்தனே. 1980களின் தொடக்கத்தில் எழுந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலிலும், லீனாவுக்கு நேரும் இடரைக் கணேஷ், வசந்த் ஆகியோருடன் நின்றே பெரிதும் காண்கின்றோம். அந்நாவலின் விறுவிறுப்பை இது குறைக்கவில்லை. ஆனால் ஆராய்பவரின் நிலையில் நிற்கும் வாசகர் புதிரை விடுவிக்க விரும்புவர். ஆராயப்படுபவளின் நிலையில் நிற்பவரோ உயிர் பிழைக்க விரும்புவர். இவ்விரண்டும் வெவ்வேறு அனுபவங்களாம்.

பங்களாவிலிருந்து தோன்றும் மலை

இனி மலையகத்துக்கு வருவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு, துயருறும் ஒரு பெண்ணின் நிலையில் உலக வாசகரை நிறுத்திய படைப்புகளுள் இரண்டு பரவலாக அறியப்பட்டவை.

ஒன்று ‘எலிபன்ட் வோக்’. ரொபேட் ஸ்ரான்டிஷ் 1948இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய திரைப்படம் 1954இல் வெளிவந்தது. தோட்டத் துரையை மணந்து இங்கிலாந்திலிருந்து வரும் ரூத், யானைகளின் பழைய வழித்தடத்தை மறித்துக் கட்டப்பட்ட பங்களாவிற் குடியேறுகின்றாள். இறந்துபோன மாமனாரின் நினைவு அவ்வீட்டை இன்னும் ஆள்கின்றது. இப்பாத்திரத்தில் நடிக்க 1953இல் இலங்கைக்கு வந்த விவியன் லீ மனநலங் குன்றி விலக நேர்ந்தமையும், எலிசபெத் டெய்லர் அவரிடத்தை நிரப்பியமையும் திரைப்பட வரலாற்றில் நன்கறியப்பட்டவை. இலங்கையில் எடுக்கப்பட்ட தொலைக்காட்சிகள் சிலவற்றில் விவியன் லீயின் உருவமே எஞ்சியுள்ளது என்பர். துயருற்ற தலைவியின் உருவத்துக்குள் துயருற்ற இன்னொருத்தியின் நிழல் நிற்பதென்பது எந்தக் கதாசிரியரும் திட்டமிடாத மர்மமாகும்.

மற்றையது, டைனா ஜெப்ரிஸ் 2015இல் வெளியிட்ட ‘தி ரீ பிளான்டர்ஸ் வைப்’. தோட்டத் துரையின் மனைவி என்பது இத்தலைப்பின் பொருள். 1920களில், பத்தொன்பது வயதினளான குவென் கணவனைச் சேர இலங்கைக்கு வருகின்றாள். பூட்டிய கதவுகளும், பழைய ஆடைகள் நிறைந்த பெட்டியும், புதர் மூடிய கல்லறையும் அவளை எதிர்கொள்கின்றன. கணவனோ கடந்த காலத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை. பின்னர் அவள் ஈன்ற இரட்டைக் குழந்தைகளுள் ஒன்று கருநிறத்ததாகப் பிறக்க, அக்குழந்தையை மறைத்து வைக்க நேர்ந்த தாயின் மனவேதனையே நாவலின் முதுகெலும்பாகின்றது. முகவுரைப் பகுதி நீங்கலாக நாம் அவள் கண்களாலேயே காண்கின்றோம். விடையை அவளோடு சேர்ந்தே தேடுகின்றோம். ‘ரெபெக்கா’ வகுத்த பாதை இது என்பது வெளிப்படை.

இப்படைப்புகளின் திறனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பங்களாவின் விறாந்தையில் நிறுத்தப்பட்ட வாசகருக்கு அங்கிருந்து தெரிவதே தெரியும். கொழுந்து பறிக்கும் பெண் பச்சைச் சரிவில் அசையும் ஒரு நிறப்புள்ளியாகத் தோன்றுவாள். ஆயா இரகசியங்களைக் காப்பவளாகத் தோன்றுவாளேயன்றித் தனக்கென இரகசியமுடையவளாகத் தோன்றாள். தொழிலாளர் கூட்டமாக வருவர், கூட்டமாக நோயுறுவர். நோக்குநிலையைக் குறுக்குதல் என்னும் எந்த உத்தி குவெனை நமக்கு நெருக்கமாக்கியதோ, அதே உத்தி லயத்திலிருப்பவளை நமக்கு எட்டாதவளாக்கிவிடுகின்றது. இது ஆசிரியரின் தீய எண்ணத்தால் விளைந்ததன்று, நிற்குமிடத்தின் விளைவாகும்.

லயத்துக் காம்பராவின் மர்மங்கள்

அவ்வாறாயின் லயத்தில் மர்மம் இல்லையா? மலையகத் தமிழ்ப் பெண்ணின் வாழ்வை அறிந்தோர் இவ்வாறு வினவமாட்டார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஒரு மக்கட் கூட்டமே தான் பிறந்த மண்ணிற் பெயரற்றதாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. எந்தப் பெயர் எந்தப் பதிவில் உள்ளது, எந்தச் சான்றிதழ் எவர் கையில் உள்ளது என்பன மலையகத்தில் வாழ்வையும் பிரிவையும் தீர்மானித்த வினாக்களாம். ஆணுக்கு நிகரான நாட்கூலியைத் தோட்டப் பெண் பெற்றது 1984இலேதான். அதன் பின்னரும் அவள் உழைத்த பணத்தை வேறொருவர் எண்ணி வாங்கிய வீடுகள் பல. தான் உண்மையைச் சொல்லியும் நம்பப்படாதவள், தன் பெயரில் நடப்பதைத் தானே அறியாதவள், கேட்பதற்கு ஆளில்லாதவள் என மர்மக் கதைத் தலைவிக்குரிய இலக்கணங்கள் அனைத்தும் இவளிடம் உள்ளன.

மலையக எழுத்தாளர் இவளை உள்ளிருந்து காணத் தவறவில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ வள்ளி என்னும் பெண்ணின் வாழ்வைத் தொடர்ந்து செல்கின்றது. என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ சிறுகதையில் ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறையைப் பற்றிய ஐயமே கதையை நடத்துகின்றது. தராசுத் தட்டே நீதிமன்றமாகும் அக்கதையை நாம் மர்மக் கதையென வகைப்படுத்துவதில்லை. ஆனால் ஐயம், சான்று, மெய்ப்பிப்பு ஆகியன அங்கே கொலையின்றியே இயங்கக் காண்கின்றோம்.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றைத் தெளிவுறுத்தற்பொருட்டு நாமே ஒரு காட்சியைக் கற்பித்துப் பார்ப்போம். கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கிய ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருத்தி. அகமரபையொட்டி அவளுக்குப் பெயரிடாது விடுகின்றோம். அவள் தங்கை மூன்று மாதங்களுக்கு முன் தரகர் ஒருவருடன் கொழும்புக்கு வீட்டுவேலைக்குச் சென்றாள். அதன் பின்னர்ச் செய்தியில்லை. ஒருநாள் மாலை தகரப் பெட்டியினுள், மடித்த சேலைக்கடியில், தங்கையின் அடையாள அட்டை அக்காளின் கையில் அகப்படுகின்றது.

இதனை மூவகையாகக் கூறலாம். முதல்வகையில் ஆசிரியர், ‘அந்த அட்டையைக் கண்டதும் அவள் இதயம் படபடத்தது, ஏதோ ஒரு பயங்கரம் நிகழ்ந்துவிட்டதென அவள் உணர்ந்தாள்’ என்று எழுதுகின்றார். நாம் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றோம். இரண்டாம் வகையில் பொலிசார் ஒருவரோ பத்திரிகையாளர் ஒருவரோ லயத்துக்கு வந்து அவளை விசாரிக்கின்றார். அவள் தலைகுனிந்து மௌனமாயிருக்கின்றாள். இப்போது அவள் நமக்கு ஒரு புதிர்.

மூன்றாம் வகை இவ்வாறு அமையலாம்: கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அவள் அட்டையைத் திருப்பிப் பார்க்கின்றாள். பெட்டியிலிருந்த சேலையிற் பூஞ்சணம் பூத்திருக்கின்றது. கல்யாணப் படத்தின் ஓரத்திலும் பூத்திருக்கின்றது. இம்மலையில் மழைக்காலத்தில் மூன்று மாதம் மூடிக்கிடந்த எதுவும் அதற்குத் தப்புவதில்லை. அட்டையில் மட்டும் பூஞ்சணம் இல்லை. அவள் பெட்டியை மூடுகின்றாள். அடுப்படியிலிருந்து தகப்பன், ‘என்னா தேடுற?’ என்கின்றார். ‘ஒன்னுமில்லப்பா’ என்கின்றாள்.

இங்கே அச்சம் என்ற சொல்லே இல்லை. ஆனால் அட்டை அண்மையிலேதான் அங்கே வைக்கப்பட்டது என்பதை அவள் அறிந்த கணத்தில் நாமும் அறிகின்றோம். வைத்தவர் யார்? வீட்டிலுள்ளோரைத் தவிர அப்பெட்டியை யார் திறப்பார்? தகப்பனிடம் அவள் ஏன் பொய் சொன்னாள் என்று எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்விடத்தில் நாமும் அதனையே சொல்லியிருப்போம். பூஞ்சணம் பற்றிய அறிவு மலைக் குளிரில் வாழ்ந்தவளுக்கே உரியது என்பதும் கருதத்தக்கது. துப்பறிபவன் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அவள் வாழ்வே அவளுக்குத் துப்பறியும் நூலாகின்றது. வாசகர் அவள் நிலையில் நிற்கும்போது அவள் துயரத்தை மட்டுமன்றி, அவள் அறிவையும் தமதாக்கிக் கொள்கின்றனர். இரக்கத்தை நாடும் எழுத்து மறந்துவிடும் பகுதி இதுவேயாகும்.

கவனிக்கவேண்டியவை சில

இவ்வழியிற் செல்வோர்க்கு இடர்களும் உண்டு. வாசகரை மலைப்பிக்கத் தலைவியை ஓயாது வதைத்தல் ஒன்று. வதை மிகுந்தவிடத்து வாசகர் கூட்டை விட்டு வெளியேறி மீண்டும் பார்வையாளராகிவிடுவர். லயத்துப் பேச்சை வேடிக்கைக்காகத் திரித்தல் மற்றொன்று. பேச்சைப் பார்த்து நகைப்பவர் பேசுபவளாக மாட்டார். உண்மையில் நிகழ்ந்த ஒரு பெண்ணின் இழப்பை அவள் குடும்பத்தார் அடையாளங் காணும்படி எடுத்துப் புதிராக்குதல் மூன்றாவது. இது இலக்கியக் குறை மட்டுமன்று, அறக்குறையுமாகும்.

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். ஒருத்தியின் நிலையில் நம்மை வைத்தல் என்பது வாசிப்பின் பொழுதுபோக்குப் பயன் மட்டுமன்று. நீதிமன்றத்திலும் தொழிற்சங்க அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் ஒரு தோட்டப் பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, கேட்பவர் எங்கே நிற்கின்றார் என்பதைப் பொறுத்தே அவள் சொல் சான்றாகவோ புலம்பலாகவோ கொள்ளப்படுகின்றது. விளக்கு மங்கியதைத் தானும் கண்ட வாசகர், அடுத்தமுறை அவ்வாறு சொல்லும் ஒருத்தியை எளிதில் மனமயக்கம் உடையவளெனத் தள்ளார். பங்களாவிலிருந்து மலையை நோக்கும் கதைகள் பல கிடைத்துவிட்டன. பனிமூட்டத்தினுள்ளே கூடையோடு நின்று, யாருடைய குரல் அது எனச் செவிசாய்ப்பவளின் நிலையில் நம்மை நிறுத்தும் மர்மக் கதைகளை மலையகத்தின் இளம் எழுத்தாளர் படைத்தல் வேண்டும். அவற்றுக்கு வேண்டிய உத்திகள் நம் அகமரபிலும் உள்ளன, மேனாட்டிலும் உள்ளன. வேண்டிய அறிவோ லயங்களிலேயே உள்ளது.